எந்த ராகம் போட்டால் பேச்சு வரும்? ஆட்டிசம், இசை சிகிச்சை, பெற்றோர்

"அண்ணே, ஆட்டிசத்துக்குன்னே யூடியூப்ல ராகம் போட்டு வெச்சிருக்காங்க. எதைப் போட்டா இவனுக்குப் பேச்சு வரும்?"

அரியாங்குப்பத்தில் எங்கள் பக்கத்துத் தெரு நண்பர் கேட்டது இது. மகனுக்கு ஐந்து வயது, இன்னும் பேச்சு வரவில்லை. நான் பி.ஈ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதுகிறவன், டாக்டர் இல்லை. ஆனாலும் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். அதன் குறிப்புகள்தான் இது.

முதலில், இசைக்கும் ஆட்டிசத்துக்கும் உறவு உண்டா? உண்டு. 1943-இல் லியோ கானர் 11 குழந்தைகளை விவரித்து எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் பற்றிய ஆரம்பகாலக் கட்டுரைகளில் முக்கியமானது. அதில் வரும் முதல் குழந்தை, ஒரு வயதிலேயே பல மெட்டுகளைப் பிசகாமல் முணுமுணுத்தவன். நம் நாட்டிலும், மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தினர் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பேசும் சொல்லைக் கேட்கும்போது மூளையின் முன்பகுதிக்கும் பக்கவாட்டுப் பகுதிக்கும் நடுவில் தொடர்பு குறைகிறது. அதே சொல்லைப் பாடினால் அப்படிக் குறைவதில்லை. ஆக, பாட்டு ஒரு திறந்த கதவு. ஆனால் கதவு திறந்திருப்பது வேறு, மருந்து கிடைத்துவிட்டது என்பது வேறு.

இங்கேதான் நம்மில் பலருக்குக் குழப்பம். ஸ்பீக்கரில் ராகம் ஓடவிடுவதற்கும் இந்த சிகிச்சைக்கும் ரொம்ப தூரம். எங்கள் ஊரில் இருந்து கடலூர் ரோட்டில் போனால், தவளக்குப்பம் தாண்டி பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்குள்ளேயே 2010 முதல் இசை சிகிச்சைக்கென ஒரு கல்வி, ஆராய்ச்சி மையம் நடக்கிறது. தனியாகப் படித்துப் பயிற்சி எடுக்க வேண்டிய துறை என்பதற்கு இதுவே சாட்சி. ஆட்டிசக் குழந்தைகளோடு அதிகம் ஆராயப்பட்ட முறை, உடனுக்குடன் சேர்ந்து வாசிப்பது. குழந்தை டிரம்மில் ரெண்டு தட்டு தட்டினால் தெரபிஸ்டும் ரெண்டு தட்டுவார். பிறகு காத்திருப்பார். குழந்தை நிமிர்ந்து பார்த்தால், அங்கே ஒரு உரையாடல் தொடங்கிவிட்டது. வார்த்தையே இல்லாமல், முறை வைத்துப் பேசுவது.

பலன் உண்டா? 2017-இல் ஜாமா இதழில் வந்த டைம்-ஏ ஆய்வு இதில் பெரியது. 9 நாடுகள், 4 முதல் 7 வயதுக்குள் 364 குழந்தைகள். ஐந்து மாதம் தெரபிஸ்ட் தனித்தனியாகக் குழந்தையோடு பாடி, வாசித்தார். ஒப்பீட்டுக் குழுவுக்கு வழக்கமான கவனிப்பும் பெற்றோருக்கு ஆலோசனையும். முடிவில், ஆட்டிச அறிகுறிகளின் தீவிரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2022-இல் 26 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது: ஒட்டுமொத்த முன்னேற்றமும் வாழ்க்கைத் தரமும் கூடலாம் என்கிறது. பேச்சு வரும் என்று அதுவும் உறுதி சொல்லவில்லை.

படிக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. வாரத்துக்கு 168 மணி நேரம். தெரபி அறையில் அரை மணியோ ஒரு மணியோதான். மிச்ச நேரமெல்லாம் குழந்தை யாரோடு இருக்கிறது? அந்த ஆளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே என்ன செய்தாலும், அது வீட்டுக்கு எப்படி வந்து சேரும்?

மெல்போர்னில் கிரேஸ் தாம்சன் குழு இதைத்தான் சோதித்தது. 3 முதல் 5 வயதுக்குள் 23 குழந்தைகள். 16 வாரம், வீட்டிலேயே, பெற்றோரும் சேர்ந்து பாடி வாசிக்கும் முறை. வீட்டிலும் வெளியிலும் குழந்தை மற்றவர்களோடு பழகுவது கூடியது, பெற்றோரோடு உறவும் நெருங்கியது. மொழித்திறன் கூடவில்லை. சின்ன ஆய்வு, பெற்றோரே மதிப்பிட்டதும் இதில் இருக்கிறது என்பதால் கொஞ்சம் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சான்று இசை சார்ந்ததல்ல, ஆனால் நமக்குப் பக்கத்தில் நடந்தது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு செய்து 2015-இல் வெளியான பாஸ் ஆய்வு. நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பெற்றோருக்கே போட்டுக் காட்டிப் பேசினார்கள். பெற்றோர் குழந்தையின் போக்கில் போவது நன்றாகக் கூடியது. குழந்தையாகவே தொடர்பை ஆரம்பிப்பதும் கூடியது. எல்லா அளவுகோலும் ஏறவில்லை, ஆனால் இந்த ரெண்டும் சின்ன விஷயம் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. "பெற்றோரும் சேரணும்" என்பது "உங்களால்தான் இப்படி ஆச்சு" என்று மாறிவிடக் கூடாது. 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் ஆட்டிசத்துக்குக் காரணம் பெற்றோரின் அன்பின்மை என்று புத்தகமே எழுதினார். அது தவறு என்று எப்போதோ தள்ளப்பட்டுவிட்டது. ஆனாலும் நம்ம ஊர்ல மாமியார் வாயிலும் பக்கத்து வீட்டார் வாயிலும் அது இன்னும் உயிரோடு இருக்கு. பெற்றோரை உள்ளே கூப்பிடுவது பழி போட அல்ல. எந்தச் சத்தத்துக்குப் பிள்ளை காதைப் பொத்தும், மிக்ஸிக்கா, கோயில் ஸ்பீக்கருக்கா, எந்தத் தாலாட்டுக்கு அடங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அம்மா மட்டும் இல்லை, அப்பாவும் பாட்டியும் மாறி மாறி உட்காரலாம். இன்னொரு வீட்டுப்பாடமாக அம்மா தலையில் கட்டினால் அது உதவி இல்லை, சுமை.

நண்பரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். பேச்சுப் பயிற்சியை நிறுத்தாதீங்க. இசை சிகிச்சைக்குப் போனால், "நாங்களும் உள்ளே இருக்கலாமா? வீட்டில் என்ன செய்யணும்?" என்று முதல் நாளே கேளுங்க. வீட்டில் தினம் பத்து நிமிஷம், போனை அணைத்துவிட்டு, அவன் தட்டுவதை நீங்களும் தட்டுங்க. தெரிந்த பாட்டின் கடைசி வார்த்தையை விட்டுவிட்டுக் காத்திருங்க. காதைப் பொத்தினால் உடனே நிறுத்திடுங்க.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துப் போட்டு அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் மூன்று தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பையன் கரண்டியை எடுத்து ஒரு தட்டு தட்டினான். பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் எந்த ராகம் என்று அவர் இப்போது கேட்பதில்லை.