வயதான வீரர் மீண்டும் வந்தால் வெற்றி கிடைக்குமா?

"அப்பாமார் பட்டாளம்" சொல்லும் பாடம்

2018-ம் ஆண்டு. ஏப்ரல் மாதம்.

சென்னை சென்டிரலில் இருந்து ஒரு சிறப்பு ரெயில் புறப்பட்டது. பெட்டிக்குப் பெட்டி மஞ்சள் சட்டைகள். ஏறக்குறைய ஆயிரம் பேர். விசில் சத்தம் காதைத் துளைத்தது.

அம்பத்தூரைக் கடந்தது. ஆவடியைக் கடந்தது. அரக்கோணத்தையும் தாண்டி ரெயில் ஓடியது. போகும் இடம், புனே!

ஏன் புனே? சேப்பாக்கத்தில் நடக்க வேண்டிய கிரிக்கெட் ஆட்டங்கள், காவிரிப் போராட்டம் காரணமாக அங்கே மாற்றப்பட்டு இருந்தன. "ஆட்டம் எங்கே போனால் என்ன? நாங்களும் வருகிறோம்!" என்று கிளம்பிவிட்டார்கள், சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ரசிகர்கள்.

அவர்கள் யாரைப் பார்க்கப் போனார்கள்? இருபது வயது இளங்காளைகளையா?

அதுதான் இல்லை!

கேப்டன் டோனிக்கு வயது 36. வாட்சனுக்கும் 36. ஹர்பஜன்சிங்குக்கு 37. இம்ரான் தாஹிருக்கு 39!

கிரிக்கெட்டில் 36 வயது என்றால், தொழிற்சாலையில் 58 வயது மாதிரி. "எப்போது ஓய்வு?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கத் தொடங்கும் வயது.

போதாக்குறைக்கு, அந்த அணி 2 ஆண்டுகள் களத்திலேயே இல்லை. சூதாட்ட விவகாரத்தில் நீதிபதி லோதா குழு 2015-ம் ஆண்டு தடை விதித்தது. அதனால் 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் அணி ஆடவில்லை.

வயதும் ஆகிவிட்டது. இடைவெளியும் விழுந்துவிட்டது. "அப்பாமார் பட்டாளம்" என்று ஊரே கேலி பேசியது.

நடந்தது என்ன?

கேலி பேசியவர் வாய் அடைத்தது

ஏப்ரல் 7-ந் தேதி, மும்பையில் முதல் ஆட்டம். தோல்வி நிச்சயம் என்று இருந்த நேரத்தில் பிராவோ 30 பந்தில் 68 ரன் அடித்தார். காலில் அடிபட்டு வெளியே போயிருந்த கேதார் ஜாதவ், கடைசி ஆளாக நொண்டியபடி திரும்பி வந்தார். ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி. ஒரு பந்து மீதம் இருக்க, ஒரு விக்கெட்டில் வெற்றி!

புனேக்கு ரெயிலில் போனவர்களுக்கும் விருந்து காத்திருந்தது. ஏப்ரல் 20-ந் தேதி ராஜஸ்தான் அணியை எதிர்த்து வாட்சன் சதம் அடித்தார்.

மே 27-ந் தேதி இறுதி ஆட்டம். வாட்சன் முதல் 10 பந்துகளில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. "கிழவருக்குக் கண் தெரியவில்லை போலும்" என்று எதிர் அணி ரசிகர்கள் சிரித்திருப்பார்கள். பிறகு அவர் அடித்த அடி இருக்கிறதே! 57 பந்தில் 117 ரன். கடைசி வரை ஆட்டம் இழக்கவில்லை. கோப்பை சென்னைக்கு வந்தது.

அந்த ஆண்டு டோனி எடுத்த ரன்கள் 455.

அப்படியானால், வயது ஒரு பொருட்டே இல்லையா? எத்தனை நாள் ஒதுங்கி இருந்தாலும், திரும்பி வந்து வெல்லலாமா?

அவசரப்படாதீர்கள். கதையின் மறுபாதி இருக்கிறது.

அதே டோனி, வேறு இடைவெளி

2019-ம் ஆண்டு ஜூலை மாதம், உலகக் கோப்பை அரை இறுதி ஆட்டத்தில் இந்தியா நியூசிலாந்திடம் தோற்றது. அதற்குப் பிறகு டோனி எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. கொரோனாவும் வந்து சேர்ந்தது. சுமார் 14 மாதங்கள் ஓடிவிட்டன.

2020-ம் ஆண்டு செப்டம்பரில் அரபு நாட்டில் மீண்டும் மட்டை பிடித்தார். 14 ஆட்டங்களில் எடுத்த ரன்கள் 200 மட்டும். ஒரு அரை சதம்கூட இல்லை. மொத்தம் 8 அணிகள். அதில் சென்னைக்கு 7-வது இடம். அடுத்த சுற்றுக்குப் போகாமல் சென்னை அணி திரும்பியது அதுவே முதல் முறை.

ஆள் ஒருவர்தான். வயதில் 2 ஆண்டுதான் வித்தியாசம். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

கொஞ்சம் யோசித்தால் விடை கிடைக்கும். 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் இல்லாமல் போனது அணியின் பெயர்தான். ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை! டோனி இந்திய அணிக்கும் புனே அணிக்கும் ஆடினார். வாட்சனும் பிராவோவும் வெவ்வேறு அணிகளுக்கு ஆடினார்கள். கடை மூடிக் கிடந்தது. கை மட்டும் தொழிலை மறக்கவில்லை.

2020-ல் நடந்தது வேறு. அங்கே கையே சும்மா இருந்துவிட்டது.

வயதை நாம் எண்ணுகிறோம். இடைவெளியை எண்ண மறந்துவிடுகிறோம்!

உடம்பு என்ன சொல்கிறது?

வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோ மீட்டர் வேகத்தில் பந்து வீசுகிறார். அது மட்டையிடம் வந்து சேர அரை நொடிதான் ஆகும். கண் பார்த்து, மூளை யோசித்து, கை அசைய அந்த நேரம் பற்றாது.

அப்படியானால் எப்படி அடிக்கிறார்கள்? பந்து வருவதற்கு முன்பே வீச்சாளரின் மணிக்கட்டையும் தோளையும் பார்த்து, "இது இங்கேதான் விழும்" என்று கணித்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான பந்துகளை ஆடியதால் வரும் அறிவு அது. வயதானவருக்கு இந்த அறிவு அதிகம். கை கொஞ்சம் மெதுவாகிப் போனாலும், இந்த அறிவு ஈடு கட்டிவிடும்.

ஆனால் கத்தியைத் தீட்டாமல் வைத்தால் துரு ஏறும் அல்லவா? பயிற்சியை நிறுத்தினால் இரண்டு, மூன்று வாரத்திலேயே மூச்சுத் திறன் குறையத் தொடங்கும். தசையின் வலு இன்னும் சில வாரம் தாங்கும். பிறகு அதுவும் இறங்கும். 30 வயதுக்கு மேல், பயிற்சி இல்லாதவருக்கு 10 ஆண்டுக்கு ஒரு முறை தசையில் நூற்றில் 3 முதல் 8 பங்கு வரை கரைந்துவிடும்.

இளைஞன் இழந்ததைச் சீக்கிரம் மீட்டுவிடுவான். நாற்பது வயதுக்காரருக்கு நாள் பிடிக்கும். இடைவெளி என்பது வயதானவருக்கு இரட்டை வட்டி!

உலகம் கண்ட மூவர்

சுவீடன் நாட்டு டென்னிஸ் வீரர் போர்க், விம்பிள்டன் பட்டத்தை 5 முறை தொடர்ந்து வென்றவர். 26 வயதிலேயே ஓய்வு பெற்றார். 1991-ம் ஆண்டு திரும்பி வந்தார். உலகமே புது ரக மட்டைக்கு மாறிவிட்டது. அவர் மட்டும் பழைய மர மட்டையோடு வந்தார். முதல் ஆட்டத்திலேயே தோல்வி. அந்த மறுவருகையில் ஒரு ஆட்டம்கூட அவர் வெல்லவில்லை.

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் போர்மன் 1977-ம் ஆண்டு விலகினார். பாதிரியார் ஆனார். 10 ஆண்டு கழித்துத் திரும்பினார். ஆனால் நேராகப் பட்டத்துக்குப் போகவில்லை. சின்னச் சின்னப் போட்டிகளில் ஒவ்வொரு படியாக ஏறினார். 1994-ம் ஆண்டு, 45 வயதில், மீண்டும் உலகப் பட்டம் வென்றார்!

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம் உண்டு. அதுவும் மட்டையும் பந்தும்தான். அதில் புகழ் பெற்ற டெட் வில்லியம்ஸ், கொரியப் போருக்கு விமானியாகப் போனார். 1953-ம் ஆண்டு திரும்பினார். அப்போது வயது 35-ஐ நெருங்கிக்கொண்டு இருந்தது. அந்த ஆட்டத்தில் பத்துக்கு மூன்று முறை சரியாக அடித்தாலே பெரிய ஆட்டக்காரர். அவர் பத்துக்கு நான்கு என்ற கணக்கில் அடித்தார்!

இப்படியும் ஒருவர் உண்டு. ஆனால் ஊருக்கு ஒரு ஆலமரம்தான். போர்மன் காட்டிய படிக்கட்டுதான் நமக்கு ஏற்றது.

நம் ஊர்க்காரர் ஏறிய படி

அந்தப் படிக்கட்டில் ஏறியவர் நம் சென்னையிலும் இருக்கிறார். அவர் பெயர் தினேஷ் கார்த்திக்.

2019-ம் ஆண்டு உலகக் கோப்பைக்குப் பிறகு, இந்திய அணியில் அவருக்கு இடம் இல்லை. 2021-ம் ஆண்டு இங்கிலாந்தில் டெலிவிஷனில் வர்ணனை செய்தார். "இனி மைக்தான், மட்டை இல்லை" என்று பலரும் முடிவு கட்டினார்கள்.

அவர் முடிவு கட்டவில்லை. தமிழ்நாட்டு அணிக்குத் தொடர்ந்து ஆடினார். 2021-ம் ஆண்டு டிசம்பரில் விஜய் ஹசாரே கோப்பை இறுதி ஆட்டத்தில் 116 ரன் எடுத்தார். கடைசி ஓவர்களில் வந்து அடிக்கும் வேலை ஒன்றையே குறி வைத்துப் பயிற்சி செய்தார்.

2022-ம் ஆண்டு பெங்களூரு அணிக்காக 330 ரன் குவித்தார். இந்திய அணியின் கதவு திறந்தது. ஜூன் 17-ந் தேதி ராஜ்கோட்டில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக 27 பந்தில் 55 ரன். அப்போது அவருக்கு வயது 37. இந்தியாவுக்காக 20 ஓவர் ஆட்டத்தில் அவர் அடித்த முதல் அரை சதம் அது!

அந்த ஆண்டு உலகக் கோப்பையில் அவர் சோபிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் 3 ஆண்டு கழித்து நாட்டின் சட்டையை மீண்டும் போட்டுக்கொண்டாரே, அது சின்னக் காரியமா?

எது போகும்? எது நிற்கும்?

டோனியும் தம் வேலையைச் சுருக்கிக்கொண்டார். நெடுநேரம் ஆடுவதை விட்டார். கடைசியில் வந்து சில பந்துகள் மட்டும் ஆடினார். 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் அவர் தலைமையில் சென்னை மீண்டும் கோப்பையை வென்றது. 2024-ம் ஆண்டு அவர் சந்தித்த பந்துகள் 73தான். எடுத்ததோ 161 ரன்!

2025-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி, சேப்பாக்கம். மும்பை வீரர் சூர்யகுமார் கோட்டை விட்டு இறங்கி ஆடினார். பந்து தப்பியது. கண் இமைக்கும் நேரத்தில் டோனி ஸ்டம்பைத் தட்டிவிட்டார். அப்போது அவருக்கு வயது 43!

ஐந்தே நாள் கழித்து அதே மைதானம். பெங்களூரு அணியை எதிர்த்து ஆட்டம். ரன் தேவைப்பட்ட நேரத்தில் டோனி 9-வது ஆளாகத்தான் இறங்கினார். 16 பந்தில் 30 ரன் அடித்தார். ஆனால் ஆட்டம் எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது. 50 ரன்னில் தோல்வி. அவருடைய முழங்கால் முன்பு போல் இல்லை, 10 ஓவர் நின்று ஆட முடியாது என்று பயிற்சியாளர் பிளமிங் பிறகு விளக்கினார். அந்த ஆண்டு சென்னை அணிக்குக் கடைசி இடம்.

கை அப்படியே இருந்தது. கால் ஒத்துழைக்கவில்லை. வயது முதலில் பறிப்பது காலை. கையும் கண்ணும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். அனுபவம் கடைசி வரை நிற்கும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. மூத்தவர் நிற்கும் இடத்தில், ஒரு இளைஞனின் வாய்ப்பும் நின்றுவிடுகிறதே! மூத்தவர் தன் பங்கைச் செய்தால் அந்த இளைஞன் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்வான். செய்ய முடியாவிட்டால், அவன் காலம் வீணாகும். ரசிகரின் அன்பு இந்தக் கணக்கை மறைத்துவிடக்கூடாது.

உங்கள் வீட்டிலும் ஒருவர்

இது டோனிக்கு மட்டும் உள்ள கதை அல்ல.

ஞாயிறு காலையில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்தத் திடலுக்கும் போய்ப் பாருங்கள். டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடக்கும். தொழிற்பேட்டையில் ஆறு நாள் மெஷினோடு நின்றவர்கள் ஏழாம் நாள் பந்தோடு ஓடுவார்கள்.

ஓரத்தில் ஒருவர் நிற்பார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணத்துக்கு முன் தெருவையே கலக்கிய ஆட்டக்காரர். "நானும் ஒரு ஓவர் போடட்டுமா?" என்று கேட்க வாய் வரும். கூச்சம் தடுக்கும்.

அவர் உங்கள் வீட்டுக்காரராக இருக்கலாம். அண்ணனாக இருக்கலாம். நீங்களாகவும் இருக்கலாம்!

கூச்சம் வேண்டாம். தாராளமாக இறங்கலாம். ஆனால் முதல் நாளே பழைய வேகத்தைத் தேடக்கூடாது. நாற்பது வயதுக்கு மேல் என்றால் முதலில் டாக்டரிடம் காட்டி, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில வாரம் நடை. பிறகு மெல்லோட்டம். அதற்குப் பிறகே பந்து. ஆடும்போது நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும். அதில் வீரம் காட்டக்கூடாது.

முக்கியமாக, தொடங்கியதை விடக்கூடாது. ஒரு ஞாயிறு ஆடி, மூன்று மாதம் படுத்துவிட்டு, மறுபடி ஒரு ஞாயிறு ஆடுவதுதான் தசையைக் கிழிக்கும்.

வீட்டில் உள்ளவர்கள், "இந்த வயதில் இது எதற்கு?" என்று கேட்காதீர்கள். "இன்று பயிற்சிக்குப் போகவில்லையா?" என்று கேளுங்கள்.

பரண் மேல் பழைய மட்டை ஒன்று கிடக்கும். அதை எடுத்துத் தூசி தட்டுங்கள். மாலையில் மகனோ மகளோ பந்து போடட்டும். அப்பா மட்டை பிடிக்கட்டும்.

முதல் பத்துப் பந்து படாமல் போனால் போகட்டும். வாட்சனுக்கும் அப்படித்தான் போயிற்று!