ஊராரைத் திரையில் நிறுத்திய சீனக் கலைஞர்

ஒரு துண்டுக் கடதாசியை நீட்டி, அதில் எழுதியிருக்கும் முகவரிக்கு வழி கேட்கிறான் சுரங்கத் தொழிலாளி ஒருவன். மோட்டார் சைக்கிளோட்டி அவனை ஏற்றிச் சென்று ஆற்றோரத்தில் நிறுத்துகிறான். தேடி வந்த தெரு நீருக்கடியிற் கிடக்கிறது! பதினாறு ஆண்டுகளுக்கு முன் பிரிந்த மனைவியையும் மகளையும் அவன் இனி எங்கே தேடுவான்?

சீனத் திரைப்பட நெறியாளர் ஜியா சாங்கேயின் 'மூன்று பள்ளத்தாக்கின் நல்ல மனிதர்' என்னும் படத்தின் தொடக்கத்தில் வரும் காட்சி இது. யாங்சி நதியின் குறுக்கே பேரணை எழுந்தபோது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிபெயர நேர்ந்தது. பழம்பெரும் நகராகிய பெங்ஜியே இடிக்கப்பட்டு வந்த வேளையில், அவ்விடிபாடுகளுக்கு நடுவிலேயே ஜியா படம் பிடித்தார். கதாநாயகனாக நடித்தவர் அவருடைய உறவினர். உண்மையாகவே சுரங்கத்தில் உழைத்தவர். 2006இல் வெனிஸ் திரைப்பட விழாவின் முதற்பரிசாகிய பொற்சிங்கம் இப்படத்துக்குக் கிடைத்தது.

ஆயினும் இப்பரிசை எட்டும் வரை அவர் நடந்த பாதை மலர் தூவிய பாதையன்று.

ஜியா 1970இல் வடசீனாவின் ஷான்சி மாகாணத்துச் சிற்றூரான பென்யாங்கில் பிறந்தார். தந்தையார் ஓர் ஆசிரியர். இளமையில் தாய்யுவான் நகரிலே தங்கியிருந்தபோது சென் கைகெயின் 'மஞ்சள் மண்' படத்தைக் கண்டார். தம் பிறந்தகத்தை ஒத்த வறண்ட பூமியும் ஏழை உழவரும் திரையிலே தோன்றிய அன்று, தாமும் படமெடுப்பதென உறுதி பூண்டார். 1993இல் பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியிற் சேர்ந்தார்.

அவருடைய முதல் முழுநீளப் படம் 'சியாவ் வூ'. பென்யாங் தெருக்களிலே அலையும் ஒரு முடிச்சுமாறியின் கதை. அவனோடு களவு செய்த பழைய தோழன் பணக்காரனாகிவிடுகிறான். தன் திருமணத்துக்கும் அவனை அழைக்கவில்லை. இக்கதையை ஜியா அரசின் அனுமதி பெறாமலே படமாக்கினார். 1998இல் பெர்லின் விழா அப்படத்தைப் போற்றியது. தாய்நாட்டிலோ 1999இல் அவருக்குத் தடை விழுந்தது.

தடைக்கு அஞ்சி அவர் ஓய்ந்துவிடவில்லை. 'புகையிரத மேடை', 2000இல் வெனிஸ் விழாவிலே திரையிடப்பட்டது. ஆனால், எந்த மக்களின் கதையைச் சொன்னாரோ அந்த மக்கள் அதைத் தம்மூர்க் கொட்டகையிற் காண முடியவில்லை. திருட்டுத்தனமாகப் பிரதி செய்த தட்டுகளே கைக்குக் கை மாறின. 2002இல் வந்த தம் அடுத்த படத்திலே இதையும் அவர் நகைச்சுவையாக்கினார்: 'சியாவ் வூ'வில் நடித்தவரே ஒரு தட்டு வியாபாரியிடம் வந்து, "'சியாவ் வூ' இருக்கிறதா?" என்று கேட்கிறார். இல்லை என்பதே விடை!

2004இல் வெளிவந்த 'உலகம்', அரசின் அனுமதியோடு அவர் எடுத்த முதற்படம். அனுமதிக்குத் தலைசாய்த்தவர் சுதந்திரக் கலைஞராய் இருத்தல் கூடுமா? இதற்கு அவருடைய படங்களே விடை பகர வேண்டும். மூழ்கிய நகரின் துயரை அதன் பின்னரே அவர் சொன்னார். நான்கு உண்மைச் சம்பவங்களைத் தழுவி, கொடுமைக்கு ஆளானோர் கொலைவெறி கொள்வதைக் காட்டிய 'பாவத்தின் சாயல்' 2013இல் கான் விழாவிலே சிறந்த திரைக்கதைக்கான பரிசைப் பெற்றது. அதுவும் சீனக் கொட்டகைகளை எட்டவில்லை.

2024இல் கான் விழாவுக்கு வந்த படத்தை, இருபதாண்டுகளுக்கு மேலாகத் தாம் பிடித்து வைத்த காட்சிகளைக் கோத்தே ஆக்கினார். அதன் நாயகி சாவ் தாவ், முன்னாள் நடன ஆசிரியை, ஜியாவின் துணைவியார். ஒப்பனையின் உதவியின்றியே அவர் அப்படத்தில் இளநங்கையாய்த் தோன்றி நடுவயதை எய்துகிறார். அவர் முகத்தோடு அவர் பின்னாலுள்ள ஊர்களும் மாறுகின்றன. அவற்றுட் சில ஊர்களை இன்று அப்படத்திலன்றி வேறெங்கும் காண இயலாது.