புரையேறுதலும் தோட்டப்புறக் குழந்தைகளும்

பாலோ சோறோ உமிழ்நீரோ உணவுக்குழலை விட்டு மூச்சுக்குழலினுட் செல்வதையே புரையேறுதல் என்கின்றோம். இரைப்பையிலிருந்து மேலெழுந்து வருவதும் இவ்வாறே உட்புகலாம். யாரோ நினைக்கின்றார்கள் என்று உச்சந்தலையைத் தட்டிவிடுவது நம்மவர் வழக்கம். எப்போதேனும் ஒருமுறை நிகழின் இருமலே அதனை வெளியேற்றிவிடும். அஞ்சத்தக்கது, நாள்தோறும் ஓசையின்றி நிகழும் புரையேற்றமாகும். மூளை முடக்குவாதமுடைய குழந்தைகள் பலரிடத்து இருமும் உணர்ச்சி மழுங்கியிருத்தலால், பால் நுரையீரலை அடையினும் அவர்கள் இருமுவதில்லை.

மலையகத்திலே இந்நிலை மறைந்து நிற்பதற்குத் தனிக் காரணங்களுண்டு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. குளிரும் மூடுபனியும், லயக் காம்பராவின் விறகடுப்புப் புகையும் இருக்கையில், குழந்தையின் சளிக்கு வேறு காரணம் தேடுவார் அரியர். மீண்டும் மீண்டும் வரும் நியூமோனியா, உணவுண்டபின் கரகரக்கும் ஈரக் குரல், ஏறாத எடை, ஆஸ்துமா மருந்துக்கு அடங்காத இழுப்பு ஆகியன தனித்தனியே நோக்கப்படின் சாதாரணமானவை. ஒருங்கே நோக்கப்படின் புரையேற்றத்தைச் சுட்டுவன.

இதனினும் முக்கியமான காரணமொன்றுண்டு. காலையிலே தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட, குழந்தைக்கு உணவூட்டுபவர் பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளரோ பாட்டியோ ஆவார். வைத்தியர் வினவுவது தாயை, கண்டவரோ வேறொருவர்.

இந்நோயைத் தனியொரு நிபுணரால் அறுதியிட முடியாது. பேரியம் கலந்த உணவு செல்லும் வழியை எக்ஸ்ரே ஒளிப்படமாகக் கதிரியல் வல்லுநரும் பேச்சுச் சிகிச்சையாளரும் சேர்ந்து நோக்குவர். குரல்வளைப் பிளவையோ, மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையிலுள்ள துளையையோ காது மூக்குத் தொண்டை நிபுணர் உள்நோக்கிக் குழாயினாற் கண்டறிவார். குழந்தை வைத்திய நிபுணரும் போசணையாளரும் உடன் வேண்டும். டிக்கோயா கிளங்கனில் 2017இல் இந்திய உதவியுடன் 150 கட்டில்களைக் கொண்ட வைத்தியசாலை திறக்கப்பட்டமை பெரும் நன்மையே. எனினும் இத்துறைகள் யாவும் ஒருங்கமைவது பெருநகர வைத்தியசாலைகளிலேயே. அங்கு செல்லும் ஒவ்வொரு முறையும் தாய் ஒரு நாட் 'பேரை' இழக்கின்றாள். ஆதலின் யாரை அனுப்புவது என்பதைத் தோட்டத்திலேயே, ஒருவேளை உணவூட்டுதலைப் பொறுமையுடன் கவனித்துத் தீர்மானித்தல் தகும். ஆயின் இருமாத குழந்தையைக் குற்றமற்றதெனத் தள்ளிவிடுதல் கூடாது. ஓசையற்ற புரையேற்றம் கண்ணுக்குப் புலனாகாது.

சிகிச்சையிற் பெரும்பகுதி எளியது: நிமிர்த்தி இருத்தல், சிறு கரண்டி, ஒரு வாய் விழுங்கியபின்னரே மறுவாய், மெதுவாகப் பால் வரும் சூப்பி. பாலைத் தடிப்பாக்குவது வைத்தியர் சொற்படியே நிகழவேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு அது தீங்காகவும் முடியலாம். சிலருக்கு மூக்குவழிக் குழாயோ, வயிற்றில் நேரே பொருத்தும் குழாயோ, அறுவைச் சிகிச்சையோ தேவைப்படும்.

இவ்வறிவுரைகள் தாய்க்கு விளங்காத மொழியிலே கிளினிக் துண்டில் எழுதப்பட்டுக் காம்பராவின் பெட்டிக்குள் உறங்குமாயின் பயனில்லை. தோட்டங்களின் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் சிகிச்சைக் குழுவின் உறுப்பினராகவே கொள்ளல் வேண்டும். குழந்தை எந்த உணவுக்குத் திணறியது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று அவர் தமிழிலே எழுதும் குறிப்பு, நிபுணரின் மேசைவரை செல்லல் வேண்டும்.