கீழ்ப்படிதலில் விளையும் மகிழ்ச்சி

மகிழ்ச்சி என்னும் சொல் நம் எல்லோருக்கும் இனிக்கிறது. கீழ்ப்படிதல் என்னும் சொல்லோ இளைஞர் செவியில் அத்துணை இனிமையாக ஒலிப்பதில்லை. மணி அடித்தால் எழுவதும், விடுதியில் விளக்கணைக்கச் சொன்னால் அணைப்பதும், மனம் ஒப்பாவிட்டாலும் தலையசைப்பதுமே கீழ்ப்படிதல் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆயின் கிறிஸ்தவ சமயம் இவ்விரு சொற்களையும் பிரிக்க இயலாதபடி பிணைத்து வைத்திருக்கிறது. இறைவனுக்குக் கீழ்ப்படிவதில்தான் நிலைத்த மகிழ்ச்சி உண்டு என்பது அதன் துணிபு. இது எவ்வாறு பொருந்தும்? மாணவ நண்பர்களே, இக்கேள்வியை உங்களோடு சேர்ந்து சற்று ஆராய விரும்புகிறேன். கிறிஸ்தவரல்லாத நண்பர்களும் செவிசாய்க்கலாம். ஒரு சமயத்தின் உள்ளத்தை அறிய வேண்டுமானால், அதன் மகிழ்ச்சி எந்த ஊற்றிலிருந்து சுரக்கிறது என்று பார்ப்பது நல்ல வழி.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். பழைய ஏற்பாட்டின் மொழியாகிய எபிரேயத்தில் கீழ்ப்படிதலுக்கெனத் தனிச்சொல் தேடினால், நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் 'ஷமா' என்பதே. அதன் நேர்ப்பொருள் 'கேள்' என்பதாகும். புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் வரும் சொல்லும் கேட்டல் என்னும் வேரிலிருந்து பிறந்ததே. 'கீழ்' என்ற பொருள் தரும் முன்னொட்டு ஒன்று அதனோடு சேர்ந்திருக்கிறது. நம் தமிழும் இதற்கு அயலன்று. 'உங்கள் பையன் சொன்னபடி கேட்கிறானா?' என்று ஒரு தாயை வினவும்போது, அவன் செவிப்புலனைப் பற்றியா வினவுகிறோம்? ஆகவே கீழ்ப்படிதல் என்பது முதுகை வளைப்பதற்கு முன்னர்ச் செவியைச் சாய்ப்பதாகும். யார் பேசுகிறார் என்று அறிந்து, அவர் நம்மேல் அன்புடையவர் என்று நம்பி, அவர் சொல்லை வாழ்வில் ஏற்பதாகும். அடிமைக்கும் மகனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. இருவரும் ஒரே வேலையைச் செய்யலாம். கேட்கின்ற குரல் வேறு.

யோவான் எழுதின சுவிசேஷத்தின் 15-ஆம் அதிகாரத்தில் இயேசு பெருமான் தம் சீடரிடம் திராட்சைக் கொடியையும் அதன் கிளைகளையும் உவமையாகக் காட்டிப் பேசுகிறார். தம் கற்பனைகளைக் கைக்கொண்டால் அவர்கள் தம் அன்பில் நிலைத்திருப்பார்கள் என்கிறார். தம்முடைய மகிழ்ச்சி அவர்களிடத்தில் தங்கி, அவர்கள் மகிழ்ச்சி நிறைவு பெறும் பொருட்டே இவற்றைச் சொன்னதாகவும் கூறுகிறார். கிளை கூலிக்கு உழைத்துக் கனி பெறுவதில்லை. கொடியின் சாறு தன்னுள் ஓடுவதனால் கனி தருகிறது. அவ்வாறே மகிழ்ச்சியும் கீழ்ப்படிந்தவனுக்கு மாதமுடிவில் அளக்கப்படும் சம்பளமன்று. இவ்வுரை நிகழ்ந்த இரவையும் நாம் மறத்தல் ஆகாது. சில நாழிகைக்குள் தாம் பிடிபடப் போவதை அறிந்திருந்தவர் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசினார். அதே இரவில் கெத்செமனே தோட்டத்தில் துயரம் மேலிட்டு மன்றாடவும் செய்தார். ஆதலால் கிறிஸ்தவர் கூறும் மகிழ்ச்சி, கண்ணீர் அறியாத களிப்பு அன்று.

இதற்கு ஒரு நிகழ்ச்சியைக் காட்ட விரும்புகிறேன். ஏறத்தாழக் கி.பி. 50-ஆம் ஆண்டில் பவுல் அப்போஸ்தலர் இன்றைய துருக்கி நாட்டுப் பகுதியில் பயணம் செய்துகொண்டிருந்தார். ஆசியா என்னும் ரோம மாகாணத்தில் போதிக்க எண்ணினார், வழி அடைபட்டது. பித்தினியாவுக்குச் செல்ல முயன்றார், அதுவும் அடைபட்டது. துரோவா என்னும் கடற்கரை நகரில், கடலுக்கு அப்பாலுள்ள மக்கெதோனியாவைச் சேர்ந்த ஒருவன் தன் நாட்டுக்கு வந்து உதவுமாறு வேண்டுவதாக இரவில் ஒரு தரிசனம் கண்டார். உடனே கப்பலேறினார். இறைவனே அழைத்த பயணமாயிற்றே, வரவேற்பு எவ்வளவு சிறப்பாக இருந்திருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். பிலிப்பி நகரில் அவர் முதலிற் கண்டது ஆற்றங்கரையில் செபத்துக்குக் கூடியிருந்த சில பெண்களைத்தான். அவர்களுள் இரத்தாம்பரம் விற்கும் லீதியாள் என்பவள் அவர் சொல்லை ஏற்றாள். பின்னர், குறிசொல்லி எசமானருக்குப் பொருள் ஈட்டித் தந்த ஓர் அடிமைப் பெண்ணை அவளைப் பற்றியிருந்த ஆவியினின்று அவர் விடுவித்தார். வருவாய் போயிற்றே என்று எசமானர்கள் வெகுண்டெழுந்தனர். பவுலும் அவர் துணைவராகிய சீலாவும் சந்தைவெளிக்கு இழுத்துச் செல்லப்பட்டு, ஆடை கிழிக்கப்பட்டு, கோல்களால் அடிக்கப்பட்டு, உட்சிறையில் தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டனர்.

கீழ்ப்படிந்ததற்குக் கிடைத்தது இது! ஆனால் நள்ளிரவில் அவ்விருவரும் பாடினார்கள் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் 16-ஆம் அதிகாரம் கூறுகிறது. மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றும் ஒரு சிறு குறிப்பைச் சேர்க்கிறது. எனக்கு அந்தக் குறிப்பு மிகவும் பிடிக்கும். பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தது அதற்குப் பின்னர்தான். விடுதலையைக் கண்டு பாடியிருந்தால் அதில் வியப்பில்லை. அவர்கள் பாடியபோது கால்கள் மரத்தில் மாட்டியிருந்தன.

கைதிகள் தப்பினர் என்று கருதித் தன்னையே மாய்த்துக்கொள்ள வாளை உருவிய சிறைக்காவலனைப் பவுல் தடுத்தார். அவன் அவர்கள் காயங்களைக் கழுவி, தன் வீட்டில் உணவிட்டு, குடும்பத்தோடு மகிழ்ந்தான். மறுநாள் நகர அதிகாரிகள் அவ்விருவரையும் ஓசையின்றி அனுப்பிவிட முயன்றபோது பவுல் மறுத்தார். ரோமக் குடிமக்களை விசாரணையின்றி வெளிப்படையாக அடித்துவிட்டு இரகசியமாகத் துரத்துவதா, அவர்களே வந்து அழைத்துச் செல்லட்டும் என்றார். அதிகாரிகள் அஞ்சி நேரில் வந்தனர். இறைவனுக்குக் கீழ்ப்படிபவன் எல்லோருக்கும் குனிந்து கொடுப்பவன் என்று எண்ணுவோர் இவ்விடத்தை ஊன்றிப் படித்தல் நலம்.

ஆண்டுகள் சில சென்றபின், மீண்டும் சிறையிலிருந்தே பவுல் அந்தப் பிலிப்பி நகரத்தாருக்கு ஒரு நிருபம் எழுதினார். ரோமாபுரிச் சிறையிலிருந்து எழுதியது என்பது பழைய மரபு. வேறு ஊர்களைக் கூறும் ஆராய்ச்சியாளரும் உளர். நான்கே அதிகாரங்கள் கொண்ட அச்சிறு மடலில் மகிழ்ச்சி, மகிழ்தல் என்னும் சொற்கள் ஏறத்தாழ 16 முறை வருகின்றன. உயிர் பிழைப்போமா மாட்டோமா என்பதே தெளிவில்லாத நிலை. வெளியே சிலர் போட்டியும் பொறாமையும் கொண்டு போதிக்கின்றனர். அவருக்கு உதவி கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து நோயுற்றுச் சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டிருக்கிறார். பிலிப்பியிலோ யுவோதியாள், சிந்திகேயாள் என்னும் இரு பெண்மணிகள் தம்முள் மனம் ஒன்றாமல் இருக்கின்றனர். அதையும் மறைக்காமல் எழுதுகிறார். இத்தனைக்கும் நடுவே மகிழுங்கள் என்கிறார். அம்மடலின் இரண்டாம் அதிகாரம், கிறிஸ்து தம்மைத் தாழ்த்திச் சிலுவை மரணம் வரைக்கும் கீழ்ப்படிந்ததை விரித்துரைக்கிறது. மகிழ்ச்சி மடலின் நடுவே கீழ்ப்படிதலின் உச்சம் வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. எந்த நிலையிலும் மனநிறைவோடிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக இறுதியில் அவர் கூறுகிறார். மாணவர்களே, கற்றுக்கொண்டது என்கிறார். பிறவியிலேயே வாய்த்த குணம் என்று கூறவில்லை.

இங்கே ஒரு தடை எழலாம். கீழ்ப்படிதல் என்ற பெயரால் உலகில் எத்தனை கொடுமைகள் நடந்திருக்கின்றன என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மனிதன் தன் குரலையே இறைவன் குரல் என்று பறைசாற்றுவது பழைய வஞ்சகம். அதற்கு விடையும் புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. எருசலேமில் ஆலோசனைச் சங்கத்தார் வாய்ப்பூட்டு இட்டபோது, மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுருவும் தோழர்களும் மறுத்தனர். அடியுண்டு மகிழ்ச்சியோடு வெளியேறினர். இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சிக்கு அடங்குவதே சமயக் கடமை எனப் பலர் மயங்கிய காலத்தில், டீட்ரிக் போன்ஹோஃபர் என்னும் போதகர் அதை எதிர்த்து நின்றார். கிறிஸ்துவைப் பின்பற்றுதல் பற்றி 1937-இல் நூல் எழுதியவர் அவர். 1939-இல் அமெரிக்காவில் பாதுகாப்பாகத் தங்கியிருக்கும் வாய்ப்புக் கிடைத்தும் சில வாரங்களில் தாயகம் திரும்பினார். 1943-இல் சிறைப்பட்டு, 1945 ஏப்ரல் 9-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். இறைவன் சொல்லைக் கேட்பவனுக்கு வேறு சில சொற்களைக் கேளாதிருக்கும் வன்மையும் வேண்டும்.

நம் நாட்டுக்கும் அந்தக் குரல் எட்டாமலில்லை. வேலூர் மருத்துவமனையைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். 1870-இல் நம் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் கல்வி கற்ற அவர், தம் குடும்பத்தாரைப் போல மிஷனெரியாவதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். தாயின் நோயை முன்னிட்டுத் திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஓர் இரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா கூறியும், அந்நிய ஆடவர் தம் பெண்டிரைத் தீண்டுவதற்கு அவர்கள் இசையவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர்.

அவ்விரவில் ஐடா உறங்கவில்லை. தட்டிய கைகளில் இறைவனின் அழைப்பை அவர் கேட்டார். தாம் வகுத்திருந்த வாழ்வை விட்டுவிட்டு அமெரிக்கா சென்று, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்தார். அதே ஆண்டில் தந்தை இறந்துபோனார். ஒரே படுக்கையோடு தொடங்கிய பணி 1902-இல் மருத்துவமனையாயிற்று. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தது. கிராமச் சாலைகளின் ஓரத்தில் நோயாளரைத் தேடிச் சென்று மருந்து கொடுத்தார். இத்தனை சுமையைத் தாங்கியவர் முகம் வாடிய துறவியாக இருந்திருப்பார் என்று நாம் எண்ணுவோம். அவரோ சிரிப்பும் சுறுசுறுப்பும் மிக்கவர். டென்னிஸ் ஆட்டத்தில் பெருவிருப்பம் உடையவர். வயதேறிய பின்னும் மட்டையைக் கீழே வைக்காதவர். 1960 மே மாதத்தில், தம் 89-ஆம் வயதில், கோடைக்கானலில் காலமானார். அதற்குள் அவர் பயிற்றுவித்த பெண் மருத்துவர்கள், பெண்டிர் ஆடவரிடம் செல்லத் தயங்கிய எத்தனையோ வீடுகளின் கதவைத் தாமே சென்று தட்டியிருந்தார்கள்.