நாய்க்கு வாந்தி, பேதியா? தண்ணி கணக்கு போட்டுப் பாருங்க

போன செமஸ்டர் மாடல் எக்ஸாம் சமயத்தில் எங்க ஹாஸ்டல் நாய் மணிக்கு வாந்தி, பேதி. நாலு பேர் மாத்தி மாத்தி ஒரு நாள் முழுக்க தண்ணி கொடுத்தோம். எவ்வளவு கொடுக்கணும், எப்போ நிறுத்திட்டு டாக்டர்கிட்ட ஓடணும்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அதனாலதான் இந்தக் கட்டுரை.

முதல்ல உடம்புல தண்ணி குறைஞ்சிருக்கான்னு பாருங்க. ரெண்டு தோளுக்கும் நடுவில் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்க. சட்டுனு படிஞ்சா பரவாயில்லை. மெதுவா இறங்கினா உடம்பு எடையில் சுமார் 5 சதவீத அளவுக்காவது நீர் போயிருக்கும். (கிழட்டு நாய், எலும்பும் தோலுமான நாய்க்கு இந்த டெஸ்ட் ஏமாத்தும்.) அடுத்து ஈறு. தொட்டா ஈரமா வழுக்கணும், பிசுபிசுன்னு ஒட்டக்கூடாது. விரலால் அழுத்தி எடுத்தா வெள்ளையாகி, 2 செகண்டுக்குள் மறுபடி ரோஸ் நிறம் வரணும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. தெருநாய்க்கு எச்சில் ஒழுகுது, விழுங்க முடியலை, நடத்தையே மாறியிருக்குன்னா வாய் பக்கமே கை கொண்டு போகாதீங்க. அது ரேபிஸா இருக்கலாம்.

வெறும் தண்ணியை விட ஓஆர்எஸ் ஏன் நல்லது? குடல் சுவரில் இருக்கிற ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியா உள்ளே இழுக்கும். அதுங்க பின்னாடியே தண்ணியும் போகும். பேதி நேரத்திலும் இந்த வழி பெரும்பாலும் வேலை செய்யும். 1 லிட்டர் பாக்கெட்டுன்னா சரியா 1 லிட்டர் தண்ணியில் கலக்கணும். கண் அளவில் கெட்டியா கலக்கினா அதுவே குடலுக்குள் தண்ணியை இழுத்து பேதியைக் கூட்டும். பழச்சுவை பானம், பால் ரெண்டும் வேண்டாம். சைலிடால் சேர்த்த சர்க்கரையில்லா பொருள் நாய்க்கு விஷம். மனுஷங்க சாப்பிடுற பாராசிட்டமாலையும் தொடாதீங்க.

நாங்க செஞ்ச பெரிய தப்பு, தலையை அண்ணாத்திப் பிடிச்சு நேரா தொண்டையில் ஊத்தினது. மணி இருமி இருமித் துடிச்சுது. தண்ணி நுரையீரலுக்குள் போனா நிமோனியா வரும். ஊசி இல்லாத சிரிஞ்சை வாயோரத்தில், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் வச்சு, தலை சாதாரணமா இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா விடணும். அது விழுங்கின பிறகுதான் அடுத்த சொட்டு. வாந்தி எடுத்த உடனே கொடுக்காதீங்க, கொஞ்ச நேரம் வயிறு ஓயட்டும். மொத்தமா ஊத்தினா மொத்தமா வெளியே வரும்.

இப்போ கணக்கு. நாயைத் தூக்கிட்டு எடை மெஷின்ல ஏறுங்க, அப்புறம் உங்க எடையைக் கழிங்க. மணி 10 கிலோ. ஒரு நாளைக்குச் சாதாரணமா கிலோவுக்கு சுமார் 50 மில்லி, அதாவது 500 மில்லி வேணும். 5 சதவீதம் குறைஞ்சிருந்தா அது இன்னொரு 500. மொத்தம் 1 லிட்டர். வாந்தி வராம கொடுக்கணும்னா கிலோவுக்கு 1 மில்லி வீதம் கால் மணிக்கு ஒரு தடவை, அதாவது மணிக்கு 40 மில்லி. 1 லிட்டர் உள்ளே போக 25 மணி நேரம்! தூங்காம, ஒரு வாந்தி கூட வராம. இதில் பேதியில் போறதைச் சேர்க்கவே இல்லை.

ஆக, லேசான பேதி, வாந்தி நின்னாச்சு, தானா குடிக்குதுன்னா வீட்டில் பார்த்துக்கலாம். வாந்தி நிக்கலை, தோல் படியலை, ஈறு வெளுத்திருக்கு, ரத்தம் கலந்து போகுது, எழுந்து நிக்கலைன்னா சிரிஞ்சைக் கீழே வச்சிட்டு ஆட்டோ பிடிங்க. குட்டின்னா இதுக்கெல்லாம் காத்திருக்கவே கூடாது. பார்வோ வைரஸா இருந்தா ஒரே நாளில் கைமீறிப் போயிடும்.

மணியை நாங்க மறுநாள் காலையில்தான் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். உடம்பு வத்திப் போயிருந்ததால் டிரிப் போட நரம்பே கிடைக்கலை. மூணாவது குத்தில்தான் ஏறுச்சு. மூணு நாள் டிரிப் ஏத்தி பிழைச்சுது.

அன்னிக்கு டாக்டர் கேட்டது மூணே கேள்வி: எத்தனை தடவை வாந்தி? எவ்வளவு தண்ணி உள்ளே தங்குச்சு? கடைசியா எப்போ சிறுநீர் போச்சு? நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். நீங்க முதல் வாந்தியிலிருந்தே போன்ல நேரம் போட்டுக் குறிச்சு வச்சுக்கோங்க.