பழைய இன்ஜின் உழைக்குமா, புதிய இன்ஜின் உழைக்குமா?

"அந்தக் கால வண்டி இரும்பு, இந்தக் கால வண்டி தகரம்" என்ற பேச்சு நம் கடைவீதிகளில் அடிக்கடி காதில் விழுகிறது. இதை நம்பிப் பழைய வண்டியில் பணத்தைப் போடும் வியாபாரிகளும் உண்டு. போடுகிற முதல் நம்முடையது. ஆகவே ஊர்ப்பேச்சை விட்டுவிட்டுக் கணக்குப் பார்ப்போம்.

நாம் எல்லோரும் அறிந்த அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்த இந்த வண்டி, 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை மேற்கு வங்கத்தில் உள்ள உத்தர்பாராவில் தயாரானது. நெடுங்காலம் அதில் இருந்தது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். கனமான வார்ப்பிரும்பு பிளாக், எளிமையான அமைப்பு. எந்த ஊர் மெக்கானிக்கும் நாலு ஸ்பேனரை வைத்துக்கொண்டு பிரித்துக் கோர்த்துவிடுவார்.

நாம் "உழைப்பு" என்று புகழ்வது பெரும்பாலும் இந்த வசதியைத்தான். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். அவ்வப்போது ஹெட்டை இறக்கிக் கார்பன் எடுத்து வால்வு தேய்க்க வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டர் வாக்கில் ரீபோர் செய்து புது பிஸ்டன், ரிங் போடுவது அன்று சகஜம். செலவு சில்லறை சில்லறையாகப் போனதால் நமக்கு உறைக்கவில்லை.

தேய்மானத்துக்குக் காரணமும் உண்டு. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பச் சோக்கை இழுத்தால், கார்புரேட்டர் தேவைக்கு மேல் பெட்ரோலை உள்ளே விடும். அது சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். ரிங் உலர்ந்த சுவரில் உராயும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், வெறும் 796 சிசி. "இது எத்தனை நாளைக்கு?" என்று கேட்டவர்கள் பலர். அந்த வண்டியும் 2014 வரை தயாரானது. இன்றும் சாலையில் காண்கிறோம். 2000இல் அதற்குக் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறை வந்தது. கடைசல் நுட்பமும் ஆயிலின் தரமும் கூடவே உயர்ந்தன. ஒழுங்காகப் பராமரித்தால், இன்றைய பெட்ரோல் இன்ஜின் ஹெட்டை இறக்காமலே இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுவது அதிசயமில்லை.

ஆனால் ஒன்று. பழைய இன்ஜின் தவணை கொடுக்கும், புதியது கொடுக்காது. அலுமினிய ஹெட் உள்ள இன்ஜின் கூலண்ட் இல்லாமல் சிறிது தூரம் ஓடினாலும் ஹெட் வளைந்துபோகும். டைமிங் பெல்ட் உள்ள பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். டர்போ உள்ளதற்கு ஆயில் கெட்டால் டர்போவே போய்விடும். இவையெல்லாம் ஒரே பில்லில் வரும் மொத்தச் செலவு.

மளிகை வியாபாரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது டீசல் வண்டி. 1-4-2020 முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தது. இவ்வகை டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் உண்டு. இன்ஜின் நன்கு சூடாகி, வண்டி நிற்காமல் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். மண்டிக்கும் கடைக்கும் இடையே மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் நின்று நின்று ஓடும் வண்டியில் கரி சேர்ந்து ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். பல இன்ஜின்களில் டீசல் ஆயிலோடு கலந்து அதையும் நீர்க்கச் செய்யும்.

ஆகவே உள்ளூர் நடைக்குப் பெட்ரோல் அல்லது சிஎன்ஜி வண்டி பொருத்தம். வெளியூர்க் கொள்முதலுக்குத் தினமும் நீண்ட தூரம் ஓடுபவர்கள் டீசல் வாங்கலாம்.

மொத்த வியாபாரத்தில் உள்ள நாங்கள், வண்டி ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் வைத்து, ஆயில் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வருகிறோம். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால், சரக்கு காத்திருந்தாலும் வண்டியை உடனே ஓரங்கட்டும்படி டிரைவரிடம் சொல்லியிருக்கிறோம். பழைய வண்டி வாங்கும் அன்பர்களும் விற்பவரிடம் முதலில் சர்வீஸ் சீட்டைக் கேளுங்கள். விலை பேசுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.