பாண்டியர் உள்நாட்டுப் போரும் குதிரைப்படையும்

தமிழ்வேந்தர்தம் நால்வகைப் படையுள் யானையைத் தந்தது காடு. குதிரையைத் தந்தது கடல். காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல்வழி வந்திறங்கியமையைப் பட்டினப்பாலை சுட்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவை வந்திறங்கிய பெருந்துறை காயல். அத்துறைக்கும் மதுரைத் தலைநகருக்கும் இடைப்பட்டது மல்லாங்கிணறு உள்ளிட்ட நம் கரிசல் நிலம். ஆதலின் அப்படையின் வரலாறு நமக்கு அயலதன்று.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268-இல் அரியணை ஏறினான். கீசுத் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அவனுக்கு அனுப்பினார் என்றும், பாரசீக வளைகுடாவின் பிற துறைகளினின்றும் குதிரைகள் வந்தன என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். குதிரை ஒன்றின் விலை 220 பொன் தினார். வழியில் இறந்துபட்ட குதிரைக்கும் அரசே விலை கொடுத்தது. ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் பாண்டியனுக்கு அமைச்சராக விளங்கினார்.

ஆண்டுதோறும் இத்துணைக் குதிரைகள் வேண்டியது எதனால்? இங்கு லாடம் அடிக்கத் தெரிந்தவர் இல்லை என்றும், முறையான பேணுதலின்றிக் குதிரைகள் மடிந்தன என்றும் மார்க்கோ போலோ குறிக்கிறார். தட்பவெப்பமும் ஒவ்வவில்லை. ஆகவே கப்பல் நின்றால் குதிரைப்படையும் நின்றுவிடும் என்ற நிலையே இருந்தது.

குலசேகரன் தன் மக்களுள் வீரபாண்டியனை முன்னிறுத்தியமையால் சினந்த சுந்தரபாண்டியன், 1310-இல் தந்தையைக் கொன்றான் என்பார் வஸ்ஸாப். உடன்பிறந்தார் இருவரும் பொருதனர். அயல்நாட்டார் மீது செலுத்தத் திரட்டிய படை ஒரே குடியின் இரு கூறுகளாய்ப் பிரிந்து நின்றது. 1311-இல் மாலிக் காபூர் மதுரையை அடைந்தபோது அந்நகரைக் காக்க ஒன்றுபட்ட படை இல்லை. அத்தென்னாட்டுப் படையெடுப்பில் 512 யானைகளும் 5,000 குதிரைகளும் கைப்பற்றப்பட்டன என்று அமீர் குஸ்ரு கணக்குரைக்கிறார்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. வீரபாண்டியனின் பக்கத்தில் முஸ்லிம் வீரர்களும் இருந்தனர் என்பதை அதே குஸ்ருவின் நூலே கூறுகிறது.  எனவே 1311-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை இரு சமயங்களின் போராகக் காட்டுவது பொருந்தாது. அது அரியணைக்கான போர்; உடன்பிறந்தார் பகையால் வாயில் திறந்த போர்.

குதிரையின் விலையைத் தினார்க் கணக்கில் எழுதி வைத்த வரலாறு, அதன்மேல் இவர்ந்து சென்ற தமிழ் வீரன் ஒருவனின் பெயரையேனும் நமக்கு விட்டுச் செல்லவில்லை. கல்வெட்டுகளிலும் ஊர்ப்பெயர்களிலும் அவர்தம் சுவடுகளைத் தேடும் கடமை நம் மாணவர்க்கு உரியது.